மிஸி பிடித்துத் தந்த ஆசிரியர்கள்

அந்த வருட நாட்குறிப்பில் எங்களுக்கு உதவிய எல்லோருடைய பெயரும் இருக்கிறது. யார், என்ன பாடம், எத்தனை மணிக்கு என்று நிரல் போட்டு எழுதி வைத்திருக்கிறேன். ஐந்து பேருடைய பெயர் மட்டும் இல்லை. அதில் நான்கு பேரைப் பற்றி முடிவில் சொல்கிறேன். ஐந்தாமவர் மிஸி. அவருக்கும் ஒரு பெயர் உண்டு. கிளினிக் சுவரில் பார்த்திருக்கிறேன். ஆனால் என் நாட்குறிப்பில் ‘மிஸி’ என்று எழுதினால் அது வேறு யாரையும் குறிக்காது.

அவர் எங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தர். கர்ப்பிணித் தாய்மாரையும் கைக்குழந்தைகளையும் வீடு வீடாகப் போய்ப் பார்ப்பது அவர் வேலை. ஐம்பதை நெருங்கிய வயது. வெள்ளைச் சீருடை, பழைய ஸ்கூட்டர், அதன் முன்னால் ஒரு பையில் குழந்தை நிறுக்கிற தொங்கு தராசு. வீடு குருமண்வெளியில், வேலை வாவிக்கு இக்கரையில், மண்டூரில். ஆகவே காலையும் பின்னேரமும் ஸ்கூட்டரோடு பாதையில் ஏறி வாவியைக் கடப்பார்.

பாதை என்று நாங்கள் சொல்வது மோட்டார் பூட்டிய அகலமான இரும்புத் தட்டு. றோட்டில் ஒரு துண்டை வெட்டித் தண்ணீரில் விட்டதுபோல் இருக்கும். மோட்டார்சைக்கிள், ஆட்டோ, நெல்மூட்டை, மனிதர் எல்லாம் ஒன்றாக நின்று அக்கரை போவோம். அந்த நேரத்தில் யாருக்கும் செய்வதற்கு ஒன்றும் இராது. சிலர் தண்ணீரைப் பார்ப்பார்கள், பலர் போனைப் பார்ப்பார்கள். மிஸி மட்டும் ஆட்களைப் பார்ப்பார்.

“சும்மாதானே இரிக்கிறீங்க?”

இதுதான் அவருடைய வணக்கம், சுகவிசாரிப்பு, கட்டளை எல்லாம். இதைக் கேட்டவர் அடுத்த நிமிடம் ஏதாவது ஒரு வேலையில் மாட்டியிருப்பார். ஒருமுறை துறையடியில் ஒரு தாய் தன் குழந்தையின் நிறையைப் பார்த்துவிடச் சொல்லிக் கேட்டாள். தராசைத் தொங்கவிட அங்கே மரம் இல்லை. பாதைக்குக் காத்து நின்ற உயரமான பொலிஸ்காரர் ஒருவரிடம் மிஸி போனார்.

“சேர், சும்மாதானே இரிக்கிறீங்க? இந்தக் கொளுக்கியக் கொஞ்சம் உசத்திப் பிடிங்க.”

அவர் இரண்டு கையாலும் பிடித்தார். நிறுத்து முடிந்ததும், தாய் சேலைத் தலைப்பைச் சரிசெய்யும் வரை குழந்தையும் அவர் கைக்கே போனது. குழந்தை காக்கிச் சட்டையை நன்றாக நனைத்துவிட்டது. “பயப்படாதீங்க சேர், நனைக்க முந்தியே நிறுத்துட்டன், கணக்குப் பிழைக்காது” என்றார் மிஸி. அங்கு நின்ற எல்லோரும் சிரித்தார்கள். பொலிஸ்காரரும்.

எனக்கு அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. எப்படி இந்தப் பெண்ணால் வெட்கமில்லாமல் கேட்க முடிகிறது என்றுதான் நினைத்தேன். எங்கள் வீட்டில் கேட்கிற பழக்கம் கிடையாது. என் தொழிலே விண்ணப்பமும் கடிதமும் தட்டச்சுச் செய்து கொடுப்பது. ஊருக்கெல்லாம் ‘தயவுடன் வேண்டிக்கொள்கிறேன்’ என்று அடித்துக் கொடுத்திருக்கிறேன். வாயால் பக்கத்து வீட்டில் ஒரு கத்தரிக்கோல்கூடக் கேட்டதில்லை.

மகள் யதுஷா ஆறாம் ஆண்டுக்குப் போன முதல் மாதத்திலேயே ஆட்டோ கவிழ்ந்து தொடையெலும்பு முறிந்தது. இரண்டு சத்திரசிகிச்சை. வருட முடிவு வரை படி ஏறக்கூடாது, பஸ்ஸில் போகக்கூடாது என்றார் டொக்டர். ஆறாம் ஆண்டு வகுப்பு மேல்மாடியில். அதிபர் நல்ல மனிதர். “வீட்டில வச்சுப் படிப்பியுங்க. வருசக் கடைசிச் சோதினைய எங்கட பிள்ளைகளோட எழுதட்டும். பாஸ் எண்டா தன்ர வகுப்போட ஏழாம் ஆண்டு. இல்லாட்டி திரும்ப ஆறு” என்றார். திரும்ப ஆறு என்றால் தன்னைவிட ஒரு வயது குறைந்த பிள்ளைகளோடு இருக்க வேண்டும். முதலாம் ஆண்டிலிருந்து பக்கத்தில் இருந்த கூட்டாளி ஒருத்தி மேலே போய்விடுவாள். யது அன்றிரவு சாப்பிடவில்லை.

தாயான நான் என்ன செய்தேன்? நேரசூசி போட்டேன். எட்டுப் பாடவேளை, நான்கு நிறத்தில், அடிமட்டம் வைத்துக் கோடு கீறி, கட்டிலுக்கு எதிர்ச்சுவரில் ஒட்டினேன். பூசை அறையிலிருந்த மணியை எடுத்துப் பாடவேளைக்குப் பாடவேளை அடித்தேன். இடைவேளைக்கும் அடித்தேன். மூன்றாம் கிழமை நானே வினாத்தாள் தட்டச்சுச் செய்து சோதனை வைத்தேன். கணிதத்தில் அவள் எடுத்தது பத்தொன்பது. மறுநாள் மணி அடித்தபோது போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டாள்.

அந்த நேரத்தில்தான் பக்கத்து வீட்டுக் குழந்தையைப் பார்க்க வந்த மிஸி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

“என்னகா, வீட்டுக்குள்ள கோயில் கட்டிட்டீங்களா? ஆருக்கு மணி?”

போர்வைக்குள்ளிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் வந்தது. பல நாட்களுக்குப் பிறகு வந்த சத்தம்.

மிஸி உள்ளே வந்தார். கேட்காமலே கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். நேரசூசியை மேலிருந்து கீழே வாசித்தார்.

“கணிதம் ஆரு படிப்பிக்கிற?”

“நான்தான் மிஸி.”

“விஞ்ஞானம்?”

“நான்தான்.”

“இங்கிலிஸ்? வரலாறு? சங்கீதம்?”

“எல்லாம் நான்தான்.”

“எல்லாத்துக்கும் நீங்களே எண்டா புள்ள என்னத்துக்கு? சோதினையையும் நீங்களே போய் எழுதுங்களன்.”

எனக்கு முகம் சுட்டது. யது போர்வையை விலக்கிவிட்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். மிஸி அவளிடம் திரும்பினார். “மனே, உனக்கு எது விளங்குதில்ல? அத மட்டும் சொல்லு. விளங்கினத ஆரும் படிப்பிக்கத் தேவையில்ல.”

“பின்னம்” என்றாள் யது. “மறுகா இங்கிலிஸ். மறுகா… இந்தக் கட்டில்.”

மிஸி மூன்றையும் தன் கொப்பியில் எழுதினார். கட்டிலையும் சேர்த்துத்தான்.

மூன்றாவதற்குத்தான் முதலில் வழி பிறந்தது. ஊருக்குள் ஒரு வீட்டில் சில்லுக்கதிரை ஒன்று, துவைத்த உடுப்புப் போடுகிற இடமாகக் கிடந்தது. “கதிரையும் சும்மாதானே இரிக்கி” என்று சொல்லி மிஸி அதை எடுப்பித்து வந்தார். அன்று மாலையே வெல்லாவெளியிலுள்ள ஒரு தாயை எனக்குப் போனில் பிடித்துத் தந்தார். காது சரியாகக் கேளாத மகனுக்கு இரண்டு வருடம் வீட்டிலேயே படிப்பித்தவர் அவர். நான் அவரிடம் என்னுடைய எட்டுப் பாடவேளையைப் பற்றி விளக்கமாகச் சொன்னேன்.

“அக்கா, நானும் அப்பிடித்தான் தொடங்கினான். முதல்ல அந்த மணிய ஒளிச்சு வையுங்க. காலையில ரெண்டு மணித்தியாலம் காணும். மிச்ச நேரம் புள்ள என்ன கேள்வி கேக்குதெண்டு கவனியுங்க. அதுதான் மற்றப் பாடம். ஏலாமப் போற நாளில எனக்குப் போன் எடுங்க.”

ஏலாமற் போன நாட்கள் பதினொன்று. பதினொரு நாளும் எடுத்தேன். அவரும் ஒவ்வொரு முறையும் எடுத்துக் கதைத்தார்.

வீட்டுப் படிப்புத் தொடங்கி இரண்டாம் மாத முடிவில், சமதரையில் கதிரையோடு வெளியே போகலாம் என்று டொக்டர் சொன்னார். எங்கே போவது? ஆட்டோவில் காலை மடக்க முடியாது, பஸ்ஸில் படி. “படியில்லாத வாகனம் ஒண்டு இரிக்கே” என்றார் மிஸி. நான் யோசித்துக்கொண்டு நிற்க, யதுதான் கண்டுபிடித்தாள்: பாதை. கரையும் தட்டும் ஒரே மட்டம். சில்லை உருட்டினால் போதும்.

அப்படித்தான் கிழமையில் மூன்று நாள், காலை ஏழு நாற்பதுக்கு நாங்கள் பாதையில் ஏறத் தொடங்கினோம். அக்கரை போய் இறங்காமல் திரும்பி வருவோம். சில நாள் இரண்டு தரம். மிஸி தான் வந்த பாதையிலேயே திரும்பவும் எங்களோடு ஏறி, ஒரு நடை கூட வந்துவிட்டுத்தான் கிளினிக்குக்குப் போவார். அந்த ஒரு நடையில் ஆள் பிடித்துத் தருவார்.

அவர் பிடிக்கிற முறை விசேசமானது. யாரையும் ஒதுக்குப்புறமாகக் கூட்டிப்போய்க் கேட்கமாட்டார். நடுத்தட்டில் நின்று, எல்லோருக்கும் கேட்க, சத்தமாகத்தான் கேட்பார். களுவாஞ்சிகுடி வங்கியொன்றில் வேலை செய்த பெண்ணை இங்கிலிஸுக்குப் பிடித்தார். அந்தப் பிள்ளை பாடப்புத்தகத்தைத் தொடவே இல்லை. தண்ணீரில், தட்டில், கரையில் கண்டதை எல்லாம் யது இங்கிலிஸில் சொல்ல வேண்டும். பிழைத்தால் சிரிக்காமல் திருத்துவாள். வலை போட்டுவிட்டு வருகிற ஒருவர் விஞ்ஞானத்துக்கு வந்தார். கடலோடு சேர முகத்துவாரம் வெட்டினால் வாவித் தண்ணீர் எப்படி மாறும், எந்த மீன் உள்ளே வரும், எது போகும், இறால் குஞ்சு ஏன் கண்டல் வேருக்குள் ஒளிக்கும் என்று கேட்கக் கேட்கச் சொன்னார். நான் பக்கத்தில் நின்று எழுதினேன். எனக்கும் பாதி விடயம் புதிது.

கணிதத்துக்கு ஆள் அகப்பட்டதுதான் பெரிய கதை.

ஒரு திங்கட்கிழமை வெள்ளைச் சட்டை, கறுப்புக் காற்சட்டை, கண்ணாடி, கையில் பைலோடு ஒருவர் ஏறினார். மிஸியின் கண் உடனே அவர்மேல் விழுந்தது.

“சேர், சும்மாதானே இரிக்கிறீங்க? இந்தப் புள்ளைக்குப் பின்னம் விளங்குதில்ல. கொஞ்சம் சொல்லிக் குடுங்க.”

அவர் வாயைத் திறந்தார், மூடினார். தட்டிலிருந்த அத்தனை பேரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் காற்சட்டைப் பையிலிருந்து ஒரு அளவு நாடாவை எடுத்தார். பையில் அளவு நாடா வைத்திருக்கிற கணித ஆசிரியரை நான் அதற்கு முன் கண்டதில்லை. அப்போதும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

“மகள், இந்த அங்குலத்துக்குள்ள சின்னக் கோடு போட்டு எத்தினை துண்டாப் பிரிச்சுக் கிடக்கு? எண்ணுங்க.”

“எட்டு.”

“முக்கால் அங்குலம் எண்டா எத்தினை?”

அவள் எண்ணினாள். “ஆறு.”

“அதில பாதி?”

“மூண்டு… எட்டில மூண்டு!”

“சரி. அப்ப முக்காலில பாதி எட்டில மூண்டு. நீங்கதான் சொன்னீங்க, நான் சொல்லல்ல.”

நான் மூன்று கிழமையாக வெண்கட்டியால் வட்டம் கீறியும் நடக்காதது, வாவியின் நடுவில் ஆறு நிமிடத்தில் நடந்தது. அன்றிலிருந்து திங்களும் வியாழனும் கணக்கு சேர் வருவார். எப்போதும் அதே வெள்ளைச் சட்டை. கதிரையின் சில்லை அளந்தார்கள், தட்டின் நீள அகலத்தை அளந்தார்கள். ஒருநாள் மிஸியின் குடையையும் விரித்துச் சுற்றளவு பார்த்தார்கள்.

இப்படி ஏழு கிழமை போனது. ஒரு வியாழன் அவரைக் காணவில்லை. பாதை நடு வாவிக்கு வந்தபோது யது கத்தினாள்: “கணக்கு சேர்!”

நெல்மூட்டை ஏற்றிய வண்டிக்குப் பின்னால், சாரம் கட்டி, தலைமயிர் முழுக்க மரத்தூளோடு, தோளில் மரம் அறுக்கிற வாளைப் போட்டுக்கொண்டு ஒருவர் குந்தியிருந்தார். ஒளிக்க இடம் இல்லை, அது பாதை. எழும்பி வந்தார்.

“மிஸி, நான் சேர் இல்ல. தச்சு வேலை. அண்டைக்கு ஒரு அரசாங்க அலுவலாக் கச்சேரிக்குப் போறதுக்காக வெள்ளச் சட்ட போட்டு வந்தனான். நீங்க எல்லாருக்கும் முன்னால கேட்டுட்டீங்க, என்ன சொல்ற? மறுகா ஒவ்வொரு நாளும் சட்டையப் போட்டுக்கொண்டு வந்து, அக்கரையில மாத்திட்டு வேலைக்குப் போனன். இண்டைக்கு அது ஈரம்.” தலையைக் குனிந்துகொண்டார். “ஓ.எல். சோதினையில கணக்கு மூண்டு தரம் பெயில் மிஸி.”

சோதனைக்கு மூன்று மாதம் இருந்தது. மூன்று தரம் தவறிய ஒருவரிடமா இவளை விட்டோம்? மிஸியின் முகத்தைப் பார்த்தேன். அவர் அசையவே இல்லை.

“மூண்டு தரமா? அப்ப நல்லதாப் போச்சு. எங்க பிழைக்கும் எண்டு உங்களுக்குத்தான் வடிவாத் தெரியும்” என்றார். “இனி அந்தச் சட்டைய விடுங்க. சாரத்தோடயே வாங்க.”

அவர் சாரத்தோடு வந்தார். முன்னைவிட நன்றாகப் படிப்பித்தார். “இந்த இடத்தில நான் ரெண்டாந்தரம் விழுந்தனான், பாத்துப் போங்க” என்று அவர் சொல்ல, யது அந்த இடத்தில் நின்று கவனமாகக் கடப்பாள்.

வரலாற்றுக்கு மட்டும் ஆள் கிடைக்கவில்லை. கிடைக்கவில்லை என்பது சரியல்ல. மிஸி தேட மறுத்துவிட்டார். “அத நீங்க கேளுங்க தங்கச்சி. எல்லாத்தையும் நானே கேட்டா நீங்க என்னத்துக்கு?” என்றார்.

ஒரு புதன்கிழமை துணிந்தேன். மடியில் நான்கைந்து புத்தகம் வைத்திருந்த ஒரு பெண்ணிடம் போனேன். கேட்க வேண்டிய வசனத்தை முதல்நாளே கொப்பியில் எழுதிப் பார்த்திருந்தேன். வாயைத் திறந்தால், “இப்ப நேரம் என்ன?” என்று வந்தது. அந்தப் பெண் என் கையில் கட்டியிருந்த மணிக்கூட்டைப் பார்த்துவிட்டு நேரத்தைச் சொன்னாள். யது திரும்பி வருகிற வழி முழுக்கச் சிரித்தாள். வரலாற்றை நானே புத்தகத்தை வைத்து வீட்டில் படிப்பித்தேன். அதனால் அவள் பட்ட பாட்டை இங்கே எழுதவில்லை.

சோதனை நாள் வந்தது. யது இரண்டு ஊன்றுகோலோடு சமதரையில் நடக்கிற அளவுக்கு வந்திருந்தாள். மாடிப்படி இன்னும் கூடாது. பாடசாலை வாசலில் வகுப்பாசிரியை ஓடி வந்தார்.

“அம்மா, மேல ஏத்த ஒண்ணாது. அலுவலக அறையில மேசை போட்டிரிக்கி, தனிய இருந்து எழுதட்டும்.”

யது ஊன்றுகோலை நிலத்தில் ஊன்றினாள். “நான் தனிய எழுதமாட்டன். ஒரு வருசமாத் தனியத்தானே இருந்தனான். மேல என்ர கூட்டாளிக்குப் பக்கத்தில இருந்துதான் எழுதுவன்.”

ஆசிரியை என்னைப் பார்த்தார். மேலே மாடிக் கம்பியில் அந்தக் கூட்டாளி கையை அசைத்துக்கொண்டு நின்றாள். மணி அடிக்கப் பத்து நிமிடம். மிஸிக்கு எடுத்தேன். போன் அடித்து ஓய்ந்தது. அன்று கிளினிக் நாள். தச்சு வேலைக்காரர் அக்கரையில். கணவர் வட்டையில், வயலுக்குள் இறங்கியிருப்பார்.

பிள்ளைகளை விட வந்த தகப்பன்மார் சிலர் மாமரத்தின் கீழ் மோட்டார்சைக்கிளில் சாய்ந்தபடி போனைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒருவரையும் எனக்குத் தெரியாது. நான் அவர்களை நோக்கி நடந்தது நினைவிருக்கிறது. என்ன சொல்லப்போகிறேன் என்று எழுதிப் பார்க்க நேரம் இருக்கவில்லை. என் சத்தம் எனக்கே பெரிதாகக் கேட்டது.

“அண்ணன்மார், சும்மாதானே இரிக்கிறீங்க?”

நான்கு பேர் போனைச் சட்டைப்பையில் போட்டார்கள். ஒரு பிளாஸ்டிக் கதிரை வந்தது. யதுவை இருத்தி, ஆளுக்கொரு கதிரைக்காலாகப் பிடித்துத் தூக்கினார்கள். “மெதுவா, மெதுவா, ராசாத்தி போறா, வழி விடுங்க” என்று ஒருவர் கத்தினார். படி முழுக்கப் பிள்ளைகள் கைதட்டினார்கள். மணி அடித்தபோது அவள் தன் இடத்தில் இருந்தாள்.

கணிதம் எழுபத்தெட்டு. இங்கிலிஸ் அறுபத்தாறு. விஞ்ஞானம் எழுபது. வரலாறு நாற்பத்தொன்று, அது என்னுடைய புள்ளி என்று யது இன்றைக்கும் சொல்கிறாள். ஏழாம் ஆண்டுக்குத் தன் வகுப்போடு போனாள். இப்போது அவளுக்குப் படி ஒரு பொருட்டே இல்லை. இரண்டு இரண்டாகத் தாவுகிறாள்.

தை மாதம், ஒரு பின்னேரம், பாதையில் மிஸியைக் கண்டேன். வாகரைப் பக்கம் இடமாற்றம் வந்திருப்பதாகச் சொன்னார். சோதனை நாள் கதையை முழுவதும் சொல்லச் சொன்னார். நான் நாட்குறிப்பிலிருந்ததை ஒன்றுவிடாமல் ஒழுங்காகச் சொன்னேன்.

“மறுகா?”

“மறுகா என்ன, எழுதினா.”

“இறக்கினது ஆரு?”

“அதே நாலு பேரும்தான் மிஸி. முடியும்வரைக்கும் மாமரத்துக்குக் கீழயே நிண்டவங்க.”

“அவங்கட பேர் என்ன?”

ஒரு வருடத்தில் உதவிய அத்தனை பேரையும், யார், என்ன, எத்தனை மணிக்கு என்று எழுதியவள், அந்த நான்கு பேரிடமும் பெயர் கேட்கவில்லை.

மிஸி சிரிக்கத் தொடங்கினார். தட்டில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கிற சிரிப்பு.

“பேரும் தெரியாத நாலு பேரைக் கேட்டிரிக்கிறீங்க! சரி, இனி நான் வாகரைக்குப் போகலாம்.”

பாதை குருமண்வெளிக் கரையில் இடித்து நின்றது. மிஸியின் ஸ்கூட்டர் வழக்கம்போல் கிளம்ப மறுத்தது. அவர் சுற்றிலும் ஒருமுறை பார்த்தார். அவர் வாயைத் திறக்கும் முன்பே நான் பின்னால் போய், இரண்டு கையாலும் பிடித்துத் தள்ளினேன்.